காப்பகத்துக்குப் போகும் பணம் வீட்டுக்குப் போகட்டும்

கரோனா ஊரடங்கின்போது, தொற்றுக்குப் பயந்து, நாடெங்கும் உள்ள குழந்தைகள் காப்பகங்கள் தம்மிடம் இருந்த குழந்தைகளை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கின. எத்தனை பேர் போனார்கள் என்ற கணக்கு 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. காப்பகங்களில் இருந்த 2,27,518 குழந்தைகளில் 1,45,788 பேர் பெற்றோரிடமோ பாதுகாவலரிடமோ திரும்பியிருந்தார்கள். நூற்றுக்கு அறுபத்து நான்கு பேர்.

நாம் ‘அநாதை இல்லம்’ என்று சொல்லிப் பழகிய இடங்களில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்குப் போவதற்கு ஒரு வீடு இருந்திருக்கிறது. அப்படியென்றால் அவர்கள் அங்கே ஏன் இருந்தார்கள்? காப்பகங்களில் வேலை பார்த்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கணவனை இழந்து, கட்டட வேலைக்குப் போகும் தாய்க்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. மகள் இறந்த பிறகு பேரனை வளர்க்கும் பாட்டிக்கு முதியோர் உதவித்தொகையைத் தவிர வேறு வருமானம் இல்லை. குடிகாரத் தகப்பன், மறுமணம் செய்துகொண்ட தாய், ஊரில் பள்ளிக்கூடம் தூரம். “ஹோமில் சேர்த்தால் மூணு வேளைச் சோறும் படிப்பும் கிடைக்கும்” என்று அக்கம்பக்கத்தில் யாரோ சொல்கிறார்கள். பிள்ளை ஹோமுக்குப் போகிறது.

சோறும் படிப்பும் கிடைப்பது உண்மைதான். ஆனால், அவை மட்டும் கிடைத்தால் ஒரு குழந்தை வளர்ந்துவிடுமா என்ற கேள்விக்கு அறிவியல் மிகத் தெளிவான பதிலை வைத்திருக்கிறது. அந்தப் பதில் கிடைத்த இடம் ருமேனியா.

ஒரு சர்வாதிகாரியின் கணக்கு

1966இல் ருமேனியாவின் ஆட்சியாளர் நிகோலே சௌஷெஸ்கு, நாட்டின் மக்கள்தொகையைப் பெருக்க 770ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தார். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள், நான்கு பிள்ளை பெற்றவர்கள் போன்ற சிலரைத் தவிர மற்ற பெண்களுக்குக் கருக்கலைப்பு தடைசெய்யப்பட்டது. கருத்தடைச் சாதனங்கள் கிடைப்பதும் அரிதாயிற்று. பிள்ளை இல்லாதவர்கள்மீது வரி விழுந்தது. அடுத்த ஆண்டே பிறப்பு விகிதம் கிட்டத்தட்ட இரட்டிப்பானது. பெற்ற பிள்ளைகளை வளர்க்க வழியில்லாத குடும்பங்களிடம், “அரசு வளர்க்கும், எங்களிடம் விடுங்கள்” என்று சொல்லப்பட்டது. 1989 டிசம்பரில் சௌஷெஸ்கு வீழ்ந்து, சுட்டுக்கொல்லப்பட்டபோது ருமேனியாவின் அரசுக் காப்பகங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். அவர்களிலும் பெரும்பாலோர் பெற்றோர் இருந்த குழந்தைகள்தான்.

அந்தக் காப்பகங்களின் காட்சிகள் 1990இல் மேலைநாட்டுத் தொலைக்காட்சிகளில் ஒளிபரப்பாகி உலகை உலுக்கின. தத்தெடுக்க ஆயிரக்கணக்கானோர் ருமேனியாவுக்குப் பறந்தார்கள். குழந்தைகளுக்கு விலை பேசும் தரகர்களும் முளைத்தார்கள். அந்தக் கூத்து தனிக் கதை. நமக்கு முக்கியமானது, பத்து ஆண்டுகள் கழித்துத் தலைநகர் புகாரெஸ்டில் தொடங்கிய ஓர் ஆய்வு.

குழந்தை மூளையின் வளர்ச்சியை ஆராயும் சார்லஸ் நெல்சன், குழந்தை உளவியலாளர் நேதன் ஃபாக்ஸ், குழந்தை மனநல மருத்துவர் சார்லஸ் ஸீனா ஆகிய மூன்று அமெரிக்க ஆய்வாளர்களை ருமேனிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் துறையே அழைத்தது. அப்போது ருமேனியாவுக்குள் ஒரு விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. காப்பகம் நல்லதா, வளர்ப்புக் குடும்பம் நல்லதா? காப்பகமே மேல் என்று நம்பிய அதிகாரிகள் பலர் இருந்தார்கள். பயிற்சி பெற்ற ஊழியர், சுத்தமான படுக்கை, நேரத்துக்கு உணவு, மருத்துவர் வருகை எல்லாம் இருக்கும்போது, முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தை நம்பிப் பிள்ளையை எப்படிக் கொடுப்பது என்பது அவர்கள் கேள்வி. இன்றும் நம் ஊரில் கேட்கும் அதே கேள்வி.

136 குழந்தைகள்

புகாரெஸ்டின் ஆறு காப்பகங்களில் இருந்து ஆறு மாதம் முதல் முப்பத்தோரு மாதம் வரையிலான 136 குழந்தைகளை ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். குலுக்கல் முறையில் அவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். 68 குழந்தைகள் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். 68 பேர் வழக்கமான பராமரிப்பிலேயே தொடர்ந்தார்கள். பிறந்ததிலிருந்து சொந்த வீட்டில் வளரும் அதே ஊர்க் குழந்தைகள் 72 பேர் ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்பட்டார்கள். அப்போது புகாரெஸ்டில் வளர்ப்புக் குடும்பம் என்ற ஏற்பாடே பெயரளவில்தான் இருந்தது. எனவே 56 குடும்பங்களை ஆய்வாளர்களே தேடிப் பிடித்து, பயிற்சி கொடுத்து, மாதாமாதம் பணம் கொடுத்து, சமூகப் பணியாளர்கள் தொடர்ந்து வந்துபோக ஏற்பாடு செய்தார்கள்.

குழந்தைகளைக் குலுக்கல் போட்டுப் பிரிப்பது தர்மமா என்ற கேள்வி எழாமல் இல்லை. ஆய்வுக்காக எந்தக் குழந்தையையும் காப்பகத்தில் பிடித்து வைப்பதில்லை என்று ஆய்வாளர்கள் விதி வகுத்துக்கொண்டார்கள். பெற்றோர் வந்து அழைத்தாலோ, அரசு வேறு குடும்பம் கண்டுபிடித்தாலோ அந்தக் குழந்தை போகலாம். அப்படிப் பலர் போகவும் செய்தார்கள். ஆனாலும் கணக்கில் அவர்கள் முதலில் விழுந்த பிரிவிலேயே வைக்கப்பட்டார்கள். அதாவது, காப்பகப் பிரிவின் முடிவுகள் உள்ளதைவிடச் சற்று நன்றாகவே தெரிந்திருக்கும். அப்படித் தெரிந்தும் வித்தியாசம் இருந்தது என்பதுதான் செய்தி.

நாலரை வயதில் அறிவுத்திறனை அளந்தபோது, சொந்த வீட்டில் வளர்ந்தவர்களின் சராசரி 109. வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனவர்களுக்கு 81. காப்பகப் பிரிவுக்கு 73. இரண்டு வயதுக்கு முன்பே வளர்ப்புப் பெற்றோரிடம் போய்ச் சேர்ந்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். உயரமும் எடையும்கூடக் குடும்பத்துக்குப் போன பிறகு வேகமாகக் கூடின. தன்னை வளர்க்கும் ஆளோடு குழந்தைக்கு உறுதியான பிணைப்பு இருக்கிறதா என்று மூன்றரை வயதில் பார்த்தார்கள். சொந்த வீட்டுக் குழந்தைகளில் 65 சதவீதம், வளர்ப்புக் குடும்பக் குழந்தைகளில் 49 சதவீதம், காப்பகப் பிரிவில் 18 சதவீதம். மூளையின் மின்னலைகளிலும், பிற்பாடு எடுத்த ஸ்கேன் படங்களிலும் இந்த வேறுபாட்டின் தடம் தெரிந்தது.

இந்த ஆய்வின் முக்கிய முடிவுகள் 2007இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியாயின. அதே ருமேனியக் காப்பகங்களிலிருந்து இங்கிலாந்துக்குத் தத்துப் போன குழந்தைகளை மைக்கேல் ரட்டர் குழுவினர் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். ஆறு மாதத்துக்குள் தத்துப் போன பிள்ளைகள் ஏறக்குறைய மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்தார்கள். அதற்கு மேல் காப்பகத்தில் இருந்தவர்களில் கணிசமானோரின் சிக்கல்கள், அன்பான வீடு கிடைத்தும், பெரியவர்களான பிறகும் தீரவில்லை. இரண்டு ஆய்வுகளும் வெவ்வேறு வழியில் போய் ஒரே இடத்தில் நிற்கின்றன. குழந்தைக்குக் காலம் காத்திருக்காது.

ஷிஃப்டில் வளர முடியாது

ருமேனியக் காப்பகங்களில் எல்லாக் குழந்தைகளும் பட்டினி கிடக்கவில்லை. எல்லா ஊழியர்களும் கொடியவர்கள் அல்ல. ஒருவருக்குப் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். எட்டு மணி நேர ஷிஃப்ட் முடிந்தால் அடுத்தவர் வருவார். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பால், ஒரே நேரத்தில் குளியல், ஒரே நேரத்தில் தூக்கம். ஒரு குழந்தை அழுதால் ஓடிவருவதற்கென்று குறிப்பிட்ட ஓர் ஆள் இல்லை. நெல்சன் முதன்முறை அந்தத் தொட்டில் அறைகளுக்குள் போனபோது அவரைத் திகைக்க வைத்தது அங்கிருந்த அமைதி. அழுது பயனில்லை என்று தெரிந்துகொண்ட குழந்தைகள் அழுவதை நிறுத்தியிருந்தார்கள்.

இன்னொரு கண்டுபிடிப்பு நம்மில் பலரைச் சங்கடப்படுத்தும். காப்பகத்தில் வளர்ந்த குழந்தைகளில் பலர், முன்பின் பார்த்திராத ஆளிடமும் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டார்கள். கூப்பிட்டால் தயங்காமல் கூடவே நடந்தார்கள். வீட்டில் வளர்ந்த குழந்தைகளிடம் இது அரிது. புதியவரைக் கண்டால் தாயின் முந்தானைக்குள் ஒளிவதுதான் அந்த வயதின் இயல்பு. ஆய்வாளர்கள் இதைப் பிணைப்பின் குறைபாடாகப் பதிவுசெய்கிறார்கள். நம் ஊரில் பிறந்தநாளுக்கு ஹோமில் சாப்பாடு போடப் போகிறவர்கள், “போனதும் எல்லாப் பிள்ளைகளும் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், எவ்வளவு பாசம்!” என்று நெகிழ்ந்து வருகிறார்கள். நெகிழ வேண்டிய காட்சியல்ல அது, கவலைப்பட வேண்டியது.

ருமேனியா இந்த ஆய்வைப் பரணில் போடவில்லை. 2004இல் கொண்டுவந்த சட்டம், கடுமையான ஊனம் உள்ளவர்களைத் தவிர, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைக் காப்பகத்தில் சேர்ப்பதைத் தடைசெய்தது. ஆய்வுக்காகச் சேர்க்கப்பட்ட வளர்ப்புக் குடும்பங்களுக்குப் பணம் கொடுக்கும் பொறுப்பையும் அரசு ஏற்றுக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர வேண்டும் என்ற நெருக்கடியும் அதற்குக் காரணம் என்பது உண்மை. ஆனாலும் திசை மாறியது.

மறுபக்கம்: அமெரிக்காவின் பாடம்

இதோடு நிறுத்திக்கொண்டால், ‘பிள்ளைகளை எல்லாம் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பிவிட்டால் போதும்’ என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். அந்த வழியில் வெகுதூரம் போன நாடு அமெரிக்கா. அங்கே காப்பகங்கள் பெரும்பாலும் ஒழிந்து, அரசின் பொறுப்பில் உள்ள பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் வளர்ப்புக் குடும்பங்களிலோ உறவினரிடமோ இருக்கிறார்கள். பிரச்சினை தீர்ந்ததா என்று கேட்டால், பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் டோரதி ராபர்ட்ஸ் இல்லை என்கிறார்.

சட்டமும் சமூகவியலும் கற்பிக்கும் ராபர்ட்ஸ், ‘ஷாட்டர்டு பாண்ட்ஸ்’, 2022இல் வந்த ‘டார்ன் அபார்ட்’ ஆகிய இரண்டு நூல்களில் ஒரே கேள்வியைத் துரத்துகிறார். யாருடைய பிள்ளைகள் பிரிக்கப்படுகிறார்கள்? கறுப்பினக் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் பதினெட்டு வயதுக்குள் ஒருமுறையாவது குழந்தைகள் நலத் துறையின் விசாரணைக்கு உள்ளாகிறார்கள் என்று 2017இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. புகார்களில் பெரும்பங்கு அடி உதை பற்றியவை அல்ல, ‘கவனிப்பின்மை’ பற்றியவை. வீட்டில் ஹீட்டர் இல்லை, பிள்ளையைத் தனியே விட்டுவிட்டுத் தாய் வேலைக்குப் போனாள், குளிர்சாதனப் பெட்டி காலியாக இருந்தது என்பவையெல்லாம் அதில் அடக்கம். அவை வறுமையின் அடையாளங்கள். அந்தத் தாய்க்குக் கொடுக்க மறுத்த பணத்தை, அவள் பிள்ளையை வளர்க்க இன்னொருவருக்கு அரசு மாதாமாதம் கொடுக்கிறது என்பதுதான் ராபர்ட்ஸின் குற்றச்சாட்டு.

குழந்தைகள் நலத் துறையையே கலைக்க வேண்டும் என்ற அவருடைய முடிவை எல்லோரும் ஏற்பதில்லை. நானும் ஏற்கவில்லை. அடித்து எலும்பை முறிக்கும் வீட்டிலிருந்தும், பாலியல் கொடுமை நடக்கும் வீட்டிலிருந்தும் குழந்தையை வெளியே எடுக்க அரசுக்கு அதிகாரம் வேண்டும். ஆனால், வறுமையையும் கொடுமையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் ஏற்பாடு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அவருடைய ஆய்வைவிடத் தெளிவான எச்சரிக்கை கிடையாது.

புகாரெஸ்டையும் ராபர்ட்ஸையும் சேர்த்துப் படித்தால் வரிசை புலப்படுகிறது. முதலில் பெற்ற வீடு. அது நிற்க உதவி. அது முடியாதபோது பாட்டி, அத்தை, சித்தப்பா வீடு, அவர்களுக்கும் உதவி. அதுவும் இல்லாதபோது தத்து அல்லது வளர்ப்புக் குடும்பம். இவை எதற்கும் வழியில்லாத நாட்களுக்கு மட்டும் காப்பகம்.

சட்டம் சொல்வதும் நாம் செய்வதும்

வேடிக்கை என்னவென்றால், நம் சட்டம் இதே வரிசையைத்தான் சொல்கிறது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், காப்பகத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பதை அடிப்படைக் கொள்கைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. அதன் 44ஆம் பிரிவு வளர்ப்புப் பராமரிப்புக்கும், 45ஆம் பிரிவு குடும்பங்களுக்கான நிதி ஆதரவுக்கும் வழிசெய்கின்றன. ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இவ்விரண்டுக்கும் குழந்தை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய் தரப்படுகிறது. 2024இல் திருத்தப்பட்ட வழிகாட்டுதல்கள், திருமணமாகாதவர்களும் கணவரை இழந்தவர்களும் மணவிலக்குப் பெற்றவர்களும்கூட வளர்ப்புப் பெற்றோர் ஆகலாம் என்று கதவைத் திறந்தன. இரண்டு ஆண்டுகள் வளர்த்த பிறகு, அந்தக் குழந்தை சட்டப்படி தத்துக்கு உரியதாக இருந்தால், அவர்களே தத்தெடுக்கவும் முடியும். முன்பு இதற்கு ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. நடப்பில்? ஒன்றிய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டுத் துறை நடத்தி 2018இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி நாட்டில் 9,589 காப்பகங்கள்; அவற்றில் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளாக இருந்தவர்கள் சுமார் 3.7 லட்சம் பேர். 2020 செப்டம்பரில், குழந்தைகளைக் குடும்பத்துடன் சேர்க்கும்படி தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் எட்டு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. நாட்டின் காப்பகக் குழந்தைகளில் எழுபது சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அந்த எட்டு மாநிலங்களில்தான் இருந்தார்கள். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா ஆகிய ஐந்து தென்மாநிலங்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. வளர்ந்த மாநிலங்கள் என்று நாம் மார்தட்டிக்கொள்ளும் அதே மாநிலங்கள்.

தத்து இதற்குத் தீர்வாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. 2024-25இல் நாட்டில் 4,515 தத்துகள் நடந்தன. பல ஆண்டுகளில் இதுதான் உச்சம். இன்னொரு பக்கம், முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெற்றோர் பதிவுசெய்துவிட்டுக் காத்திருக்கிறார்கள்; சராசரிக் காத்திருப்பு மூன்று ஆண்டுகளுக்கும் மேல். காப்பகங்களில் லட்சக்கணக்கில் குழந்தைகள், வெளியே பிள்ளைக்காக ஏங்கும் பெற்றோர் வரிசை. இரண்டும் சேராததற்குக் காரணம், அந்தக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் சட்டப்படி தத்துக் கொடுக்கத் தக்கவர்கள் அல்ல. அவர்களுக்குத் தாயோ தந்தையோ இருக்கிறார்கள். மிச்சம் இருப்பவர்களிலும் ஆறு, ஏழு வயதைத் தாண்டியவர்களையும் மாற்றுத்திறன் கொண்டவர்களையும் நம்மவர்கள் கேட்பதில்லை, கைக்குழந்தைதான் வேண்டும். தத்து என்பது பிள்ளையில்லாதவருக்குப் பிள்ளை தேடும் ஏற்பாடாக இருக்கும்வரை, குடும்பம் இல்லாத பிள்ளைக்குக் குடும்பம் தேடும் வேலை நடக்காது.

ஏன் நகரவில்லை?

காப்பகம் கண்ணுக்குத் தெரியும். திறப்பு விழா நடத்தலாம், கல்வெட்டு வைக்கலாம், வரிசையாகப் பிள்ளைகளை உட்கார வைத்துப் படம் எடுக்கலாம். பாட்டியின் வங்கிக் கணக்கில் மாதம் 4,000 ரூபாய் போடுவதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. தலைக்கு இவ்வளவு என்று நிதியும் நன்கொடையும் வரும் நிறுவனத்துக்கு, பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவதில் நஷ்டம்தான். நல்லெண்ணம் கொண்ட நிர்வாகிகள் பலர் இருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால், பிள்ளைகள் குறையக் குறைய வருமானம் குறையும் ஓர் அமைப்பிடம், பிள்ளைகளைக் குறை என்று சொல்லிப் பயனில்லை.

நிதி ஆதரவுக்கான வரம்பும் இடிக்கிறது. மிஷன் வாத்சல்யாவின்படி கிராமப்புறக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் ஆறாயிரமும் எட்டாயிரமும்தான் அது. வீட்டு வேலைக்கோ கட்டட வேலைக்கோ போகும் ஒரு தாய், அந்தக் கோட்டைச் சுலபமாகத் தாண்டிவிடுவாள். ஆனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அவளால் ஆள் வைக்க முடியாது. உதவி கிடைக்காத அவளுக்குக் காப்பகத்தின் கதவு மட்டும் திறந்திருக்கிறது.

எதிர்வாதங்களையும் பார்த்துவிடலாம். வளர்ப்புக் குடும்பம் என்ற பெயரில் பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டார்களா? வைத்துக்கொள்வார்கள், கண்காணிப்பு இல்லையென்றால். புகாரெஸ்டில் அந்த 56 குடும்பங்கள் வெற்றிபெற்றதற்குக் காரணம் அன்பு மட்டுமல்ல. பயிற்சியும், அடிக்கடி வந்துபோன சமூகப் பணியாளர்களும், தடையில்லாமல் வந்த மாதப் பணமும்தான். முதலில் போன வளர்ப்புக் குடும்பத்திலேயே நிலைத்திருந்த பிள்ளைகள், குடும்பம் மாறிக்கொண்டே இருந்தவர்களைவிட நன்றாக வளர்ந்தார்கள் என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. மலிவான காப்பகமாக நினைத்து வளர்ப்புக் குடும்பங்களைத் தொடங்கினால் தோல்விதான் மிஞ்சும்.

இன்னொன்று, வீட்டுக்கு அனுப்பினால் மட்டும் போதுமா? போதாது. ஊரடங்கில் அவசர அவசரமாக அனுப்பப்பட்ட பிள்ளைகள் எதற்காக ஹோமுக்கு வந்தார்களோ, அதே வறுமைக்குத்தான் திரும்பிப் போனார்கள். திரும்பிய பிள்ளைகளின் படிப்புக்கு மாதம் 2,000 ரூபாய் தரும்படி மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. பிள்ளையோடு உதவியும் போக வேண்டும் என்பதை நீதிமன்றம் சொல்லித்தான் அரசுகள் கேட்டன.

செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டுக்கு இதில் முன்னோடியாகும் தகுதி இருக்கிறது. சத்துணவில் செய்தோம், அங்கன்வாடியில் செய்தோம். 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டம், பெற்றோரை இழந்த குழந்தைகளுக்குப் பதினெட்டு வயதுவரை மாதம் 2,000 ரூபாய் கொடுக்கிறது. சரியான திசையில் வைத்த அடி அது. அடுத்த அடிகள் நான்கு.

ஒன்று: இனிக் குழந்தைகள் நலக் குழு ஒரு பிள்ளையைக் காப்பகத்துக்கு அனுப்பும்போது, உறவினர் பராமரிப்பும் நிதி ஆதரவும் ஏன் சாத்தியமாகவில்லை என்று எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். வறுமை ஒரு காரணமாக ஏற்கப்படக் கூடாது. இரண்டு: மூன்று வயதுக்கு உட்பட்ட எந்தக் குழந்தையும் சில வாரங்களுக்கு மேல் நிறுவனத்தில் இருக்கக் கூடாது, அதற்குத் தயாராகப் பயிற்சி பெற்ற குடும்பங்களின் பட்டியல் ஒவ்வொரு மாவட்டத்திலும் வேண்டும். மூன்று: நிதி ஆதரவுக்கான வருமான வரம்பை உயர்த்தி, வரம்புக்கு மேல் இருந்தாலும் தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்க்கும் தாத்தா பாட்டிக்கும் விலக்கு அளிக்க வேண்டும். நான்கு: காப்பகங்களை ஒரே நாளில் பூட்ட வேண்டியதில்லை. அவற்றைப் பகல்நேரப் பராமரிப்பு மையங்களாகவும், குடும்பங்களைத் தேடிப்போய் உதவும் சமூகப் பணி மையங்களாகவும் மாற்ற நிதி கொடுக்கலாம். பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு நிதி என்பது போய், வீடு சேர்ந்து அங்கேயே நிலைத்த பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு நிதி என்று ஆக வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. பிறந்தநாளுக்கும் திதிக்கும் ஹோமுக்குச் சாப்பாடு கொடுக்கும் உங்கள் மனம் பெரியது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஒரு வேளை விருந்து ஒரு பிள்ளையைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. தனிநபர்களும் ஒரு குழந்தையின் குடும்பத்துக்கு மாதாமாதம் நிதி ஆதரவு அளிக்க மிஷன் வாத்சல்யாவில் இடமிருக்கிறது. உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போய், அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். தெரியாது என்று சொன்னால் மறுபடியும் போய்க் கேளுங்கள். கேட்பவர்கள் பெருகினால்தான் சட்டத்தில் இருப்பது நடப்புக்கு வரும்.